வாதமும் வடிவமும்

செய்யுளுக்கு யாப்பு உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். வாதத்திற்கும் யாப்பு உண்டு என்பதை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. வெண்பாவில் அமைந்த ஒரு கருத்தை ஆசிரியப்பாவில் அமைத்தால் மாறுவது ஓசை மட்டுமன்று. எதைச் சொல்வது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்னும் தேர்வுகளும் உடன் மாறுகின்றன. வாதமும் அத்தகையதே. ஏட்டுச்சுவடியில் எழுதிய மறுப்பு, அச்சுக்கூடத்திலிருந்து வந்த கண்டனம், மாத இதழுக்கு வரைந்த கடிதம், கைப்பேசித் திரையில் இடும் பதிவு ஆகியவற்றை ஒரே வாதம் உடுத்த வெவ்வேறு உடைகள் என்று கொள்ளலாகாது. இங்கு உடை மாறும்போது உடலும் ஓரளவு மாறிவிடுகிறது.

சமூக ஊடகங்களில் நிகழும் வாதங்களைக் குறித்து இன்று வருந்தாதார் இலர். பொறுமை இல்லை என்பார் சிலர். பண்பு இல்லை என்பார் சிலர். ஆழம் இல்லை என்பார் பலர். வருத்தம் நியாயமானதே. ஆயினும் திறனாய்வு வருத்தத்தோடு நின்றுவிடலாகாது. ஒரு காப்பியம் சுவை குன்றினால், குறை கதையிலா, பாத்திரப் படைப்பிலா, யாப்பிலா என்று வகுத்து நோக்குகிறோம் அல்லவா? அங்ஙனமே பதிவு என்பதையும் ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு, அதன் வடிவத்தின் எந்தக் கூறு வாதத்தைக் கெடுக்கிறது என்று ஈண்டு நோக்குவோம். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்கு இது ஏட்டளவான வினா அன்று. இரு மொழிகளுக்கு இடையே வாழ்பவர் நாம். இரு மொழியாரும் ஒருவரையொருவர் எவ்வாறு மறுத்துப் பேசுகின்றனர் என்பதைப் பொறுத்தே நம் அன்றாட அமைதியும் அமைகிறது.

குறுமை குற்றமா?

பதிவுகளின் மேல் முதலிற் சுமத்தப்பெறும் குற்றம் குறுமை. ட்விட்டர் என்னும் நிறுவனம் 2006இல் தோன்றியபோது ஒரு பதிவுக்கு 140 எழுத்துக்குறிகள் என்று எல்லை வகுத்தது. 2017 நவம்பரில் அவ்வெல்லை 280 ஆயிற்று. முன்னர் ஆங்கிலப் பதிவுகளில் 100க்கு 9 எல்லையை முட்டி நின்றன என்றும், எல்லை விரிந்தபின் அவ்வாறு முட்டுவன 100க்கு 1 ஆகக் குறைந்தன என்றும் அந்நிறுவனமே தெரிவித்தது. 2023இல் எக்ஸ் என்று பெயர் மாறிய அவ்வூடகம், கட்டணம் செலுத்துவோர்க்கு 25,000 குறிகள் வரை எழுத இடம் தந்தது. முதல் எல்லையோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய 180 மடங்கு. குறுமைதான் நோயென்றால், நீளம் மருந்தாகி இருக்க வேண்டும். வாதம் 180 மடங்கு வேண்டா, இரு மடங்கேனும் சிறந்ததா? அங்கு நாள்தோறும் படிப்போர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியார்.

மேலும், குறுமையைக் குற்றமென்று சொல்லும் உரிமை தமிழர்க்கு உண்டோ என்பதே ஐயம். ஏழு சீர்களில் அறம் உரைத்த மொழி நம்முடையது. நூலுக்குரிய பத்து அழகுகளைத் தொகுத்த நன்னூல், சுருங்கச் சொல்லலையே முதலில் வைத்தது. ஆயின் அதனை அடுத்து விளங்க வைத்தலையும் வைத்தது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது கருதத்தக்கது. நம் மரபில் நூற்பா குறியது. ஆயின் அது தனித்து நடந்ததில்லை. அதன் பின்னே கருத்துரை, பதவுரை, எடுத்துக்காட்டு, வினா, விடை என்று ஒரு சுற்றமே நடந்து வந்தது. குறளுக்குப் பரிமேலழகர் முதலிய பதின்மர் உரை வகுத்தனர் என்பது மரபு. குறுகிய சொல், வினவுவோர்க்குத் திறந்த வாயிலாக இருந்தது. ஆகவே குறுமையை விட்டு வேறொரு கூற்றிலே குற்றத்தைத் தேட வேண்டும்.

இடையே ஒன்று கூறல் தகும். எல்லை வகுத்தவர் கையிலிருந்த அளவுகோல் நம் எழுத்தை அறிந்ததன்று. உயிர்மெய்யை ஓர் எழுத்தென்று எண்ணுவது தமிழிலக்கணம். கணினியோ மெய்யையும் அதன் மேலேறிய உயிர்க்குறியையும் இரண்டாக எண்ணுகிறது. புள்ளியையும் தனியே எண்ணுகிறது. முல்லைப்பெரியாறு என்னும் சொல்லில் நம் கணக்குப்படி எட்டெழுத்து; எக்ஸ் ஊடகத்தின் கணக்குப்படி 16 குறிகள். சீன, சப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு அம்மொழிகளின் இயல்பு நோக்கித் தனிக்கணக்கு வகுத்தவர், நம் எழுத்துக்கு அவ்வாறு வகுத்திலர். வடிவம் நடுநிலையானது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

எதிரிக்கு இட்ட இருக்கை

நம் முன்னோர் வாதத்திற்கு வகுத்த யாப்பு எத்தகையது? பவணந்தியார் ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை ஏழாகப் பகுத்தார். பிறர் சொன்னதற்கு உடன்படுவது, அதனை மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவது, தான் ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும் இடத்தில் ஒன்றைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, பிறர் கொள்கையோடு படாமல் தன் கொள்கையில் நிற்பது என்பன அவை. இவ்வேழனுள் உடன்படல் முதலாவதாக நிற்கிறது. தோற்றவன் செய்யும் செயலாக அதனை அவர் கருதவில்லை. அறிஞன் மேற்கொள்ளும் முறைகளுள் ஒன்றாகவே கருதினார். மூன்றாவதோ அதனினும் நுட்பமானது. மறுக்கப் புகுவோன் முதலில் மாற்றான் வீட்டுக்குள் சென்று, அங்கிருந்தபடி அவ்வீட்டின் விரிசலைக் காட்ட வேண்டும் என்பது அதன் பொருள்.

13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் இம்முறையை ஒரு நூலின் அமைப்பாகவே ஆக்கினார். சிவஞான சித்தியார் இரு பகுதிகளையுடையது. தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதற்பகுதியாகிய பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பிற சமயங்கள் நிரலே வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் கொள்கையும் முதலில் கூறப்பெறும். அதன் பின்னரே மறுப்பு. ஆசிரியர்க்கு உலகாயதன்பால் அன்பு இருந்தது என்று நாம் சொல்லவில்லை. மறுப்பில் கடுமை இருக்கலாம், ஏளனமும் இருக்கலாம். எனினும் அந்நூலின் வடிவமே, எதிரியைப் பேச விட்ட பின்னரன்றித் தாம் பேச இயலாதவாறு ஆசிரியரைக் கட்டுப்படுத்துகிறது. அவருடைய நற்பண்பை நம்பி அவ்விருக்கை இடப்படவில்லை, யாப்பிலேயே இடப்பட்டிருக்கிறது.

உரையாசிரியர்களின் உரைநடையிலும் இவ்விருக்கையைக் காணலாம். ஒரு கருத்தை நிறுவிய உடனே, இதற்கு இவ்வாறு ஒருவன் வினவுவானாயின் என்று தாமே ஒரு தடையை எழுப்புவர். பின் அற்றன்று என்று விடை கூறுவர். ‘எனின்’ என்னும் சிறு சொல்லில் முகம் அறியாத மாணவன் ஒருவன் எழுந்து நிற்கிறான். அவனை எழுப்புவது உரையாசிரியரின் கடமையாயிற்று.

இதுவே நாம் கண்ட உண்மை. வாதத்தின் தரம் அதன் நீளத்தைப் பொறுத்ததன்று. மாற்றான் கூற்றுக்கு வடிவத்துக்குள்ளே இடம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது.

நம் நகரின் சான்று

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) இந்நகரின் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், பேரூர்க்கடையில் வாழ்ந்தவர். அவர் காலத்தில் தமிழிலக்கிய வரலாற்றில் கால்டுவெல்லின் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது. திருஞானசம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனைப் பிற்காலச் சுந்தரபாண்டியனோடு ஒன்றாக்கி, சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டுக்குக் கால்டுவெல் கொண்டுவந்திருந்தார். சுந்தரம் பிள்ளை இதனை மறுத்தார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் ஆகார் என்று இலக்கியச் சான்றும் கல்வெட்டுச் சான்றும் காட்டி ஆங்கிலத்தில் எழுதிய அவ்வாராய்ச்சி 1890களில் வெளிவந்தது.

அதனை இன்று படிப்போர்க்குப் புலனாவது அதன் முடிவு மட்டுமன்று. அதன் நடையும் ஆகும். சம்பந்தரைத் தமிழர் போற்றுவது போல் போற்றாத ஒருவர் அவர் காலத்தை 600 ஆண்டுகள் பின்தள்ளினார் என்றால், சினத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுந்தரம் பிள்ளை சினத்தை நம்பினாரில்லை. எதிர்த்தரப்பார் எச்சான்றின்மேல் தம் முடிவை நிறுத்தினர் என்று பார்த்து, அச்சான்றையே அசைத்தார். அவர் முடிவைப் பிற்கால அறிஞர் பலரும் ஏற்றனர். கால்டுவெல்லின் பெருமையோ அதனால் குறையவில்லை. வாதம் முடிந்தபின் இருவரும் நமக்கு உரியவராகவே எஞ்சினர். நல்ல வாதத்தின் இலக்கணம் இதுதான் போலும்.

இழிசொல்லின் பழமை

அவ்வாறாயின் பண்டைய வாதங்கள் எல்லாம் பண்புடையனவா என்று ஒருவர் வினவலாம். அற்றன்று. இழிசொல் இணையத்தில் பிறந்த குழந்தை அன்று. 19ஆம் நூற்றாண்டில் அச்சுப்பொறி தமிழர் கைக்கு வந்தபோது கண்டன நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் மழையெனப் பொழிந்தன. அவற்றுள் தலையாயது அருட்பா மருட்பாப் போர். ஆறுமுக நாவலர் சார்பில் போலியருட்பா மறுப்பு 1869இல் வந்தது. நாவலரும் வள்ளலாரும் மறைந்த பின்னும் போர் ஓயவில்லை. நா. கதிரைவேற்பிள்ளை எழுதிய நூலின் தலைப்பிலேயே ஆபாச தர்ப்பணம் என்னும் தொடர் இடம்பெற்றது. வழக்குமன்றம் வரை சென்ற போர் அது. அந்நாள் திருவிதாங்கூரின் பகுதியாகிய நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் வள்ளலார் பக்கம் நின்று வாதிட்டார். சைவப் பாடல்களின் பெருமையை நிலைநாட்ட ஓர் இசுலாமியப் புலவர் மேடையேறியது அப்போரில் நமக்குக் கிடைத்த நன்மை. வசைகளோ அளவிறந்தன.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கண்டன நூலின் மரபு, கண்டிக்கப்படும் கூற்றை எடுத்துக்காட்டி மறுப்பது. இகழ்வதற்காகவேனும் எதிரியின் சொல்லைத் தன் தாளில் அச்சிட வேண்டியிருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருத்தல் வேண்டும். மறுமொழி அச்சேறக் காலமும் பொருளும் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து வசையைக்கூட ஓர் ஆவணமாக்கின. ப. சரவணன் அக்கண்டனங்களைத் திரட்டி 2010இல் பெருநூலாக வெளியிட்டபோது, இரு தரப்பையும் ஒருங்கு வைத்துப் படிக்க நமக்கு இயன்றது. இன்று ஒரு முகநூல் சண்டையை ஓராண்டு கழித்து அவ்வாறு திரட்ட இயலுமா? ஒரு தரப்பு அழிக்கப்பட்டிருக்கும். மறு தரப்பு யாருக்கு விடையிறுத்தது என்பதே விளங்காமல் அந்தரத்தில் நிற்கும்.

காலத்தின் பங்கும் கருதத்தக்கது. 1959 சனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழில் புதுக்கவிதை பற்றிய வாதங்கள் நடந்தன. நம் நகரத்து நகுலனும் அவ்விதழில் எழுதியவர். ஓர் இதழில் கண்ட கருத்துக்கு அடுத்த இதழில்தான் மறுமொழி. இடைப்பட்ட நாள்களில் சினம் ஆறும், நூல்கள் புரட்டப்படும், எழுதியதைக் கிழித்து மீண்டும் எழுதலாம். அந்த இடைவெளியை எவரும் நன்மை என்று வகுக்கவில்லை. அஞ்சலின் தாமதமும் அச்சின் தாமதமும் அறியாமல் நமக்குச் செய்த உதவி அது.

விரல்நுனி ஒப்புதல்

இனிப் பதிவின் வடிவத்தை நோக்குவோம். பதிவு என்பது எழுதிய சொற்கள் மட்டுமன்று; அதன் கீழுள்ள பொத்தான்களும் சேர்ந்ததே அதன் வடிவம். முகநூலில் ‘லைக்’ பொத்தான் வந்தது 2009இல். பிறர் பதிவை ஒரே தொடுதலில் தம்மவர்க்குப் பரப்பும் பொத்தானை ட்விட்டர் தந்ததும் அவ்வாண்டே. நன்னூலார் உடன்படலை ஒரு முறையாக வைத்தபோது, ஏன் உடன்படுகிறேன் என்று சொல்லும் பொறுப்பும் அதனுள் அடங்கியிருந்தது. விரல்நுனி ஒப்புதலுக்கு அப்பொறுப்பு இல்லை. படியாமலே உடன்படலாம், படியாமலே பரப்பலாம்.

இதனை நிறுவனங்களே உணர்ந்தன. 2020இல் ட்விட்டர் ஒரு சோதனை செய்தது. ஒரு கட்டுரையைத் திறவாமலே பகிர முற்படுவோரிடம், படித்துவிட்டுப் பகிர விருப்பமா என்று கேட்டது. அவ்வளவே. அக்கேள்வியைக் கண்டபின் கட்டுரையைத் திறந்தோர் 40 விழுக்காடு மிகுந்தனர் என்று அது தெரிவித்தது. சிறியதொரு தடை, உரையாசிரியரின் ‘எனின்’ போல் ஒரு கணம் குறுக்கே நின்றது, பயன் விளைந்தது.

அதே ஆண்டின் இறுதியில், அமெரிக்கத் தேர்தலையொட்டி, இன்னொரு சோதனையும் நடந்தது. வெறுமனே பரப்புவதை விடுத்துத் தம் கருத்தையும் சேர்த்துப் பரப்புமாறு எழுதும் கட்டத்தை முன்னே நிறுத்தினர். பரப்புதல் 20 விழுக்காடு குறைந்தது உண்மை. ஆயின் கருத்துச் சேர்த்தோருள் 45 விழுக்காட்டினர் சேர்த்தது ஒற்றைச் சொல் ஆமோதிப்பே. 70 விழுக்காட்டுப் பதிவுகளில் 25 குறிகள்கூட இல்லை. நிறுவனம் அம்முறையைக் கைவிட்டது. இவ்விரு சோதனைகளும் சேர்ந்து உணர்த்துவது யாது? வெற்றுக் கட்டம் வாதத்தைத் தாராது. எழுத இடம் தந்தால் போதாது. எதற்கு விடையாக எழுதுகிறோம் என்பதையும் வடிவம் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப்பின் கதையும் இதுவே. வதந்திகளால் உயிர்ச்சேதம் நேர்ந்த 2018இல், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பலாகாது என்று இந்தியாவில் எல்லை வகுக்கப்பட்டது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் எல்லை மேலும் இறுகியது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்தது என்றது அந்நிறுவனம். எனினும் கைமாறி வரும் செய்தியில் ஒரு குறை நீங்கவில்லை. முதலில் எழுதியவர் யார் என்பது அதில் இல்லை. எழுதியவர் இல்லாத வாதத்தை யாரிடம் மறுப்பது? அனுப்பியவரிடம் கேட்டால், எனக்கு வந்ததை அனுப்பினேன் என்பார். பரபக்கத்தில் எதிரிக்கு இருக்கை இருந்தது. இங்கே வாதிக்கே இருக்கை இல்லை.

ஒரு சொல்லும் ஓர் அணையும்

இவ்வடிவங்களின் விளைவை நம் வாசலில் வைத்து நோக்குவோம். முல்லைப்பெரியாற்று அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 999 ஆண்டுக் குத்தகை. அணை நிற்பது கேரளத்தில். அதனை இயக்குவது தமிழ்நாடு. நீர் பாய்வது தேனி முதல் இராமநாதபுரம் வரை. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழ்வோர்க்கு அச்சம் உண்டு; மலைக்கு அப்பால் அந்நீரால் உழுவோர்க்கும் அச்சம் உண்டு. இரண்டும் மெய்யான அச்சங்களே. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீரை 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது.

கேரளத் தரப்பு நெடுங்காலமாகச் சொல்லிவந்த தொடர் ஒன்று உண்டு. கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் என்பது அது. புதிய அணை வேண்டும் என்னும் அவர்தம் முடிவை நாம் ஏற்கலாம், ஏலாதும் விடலாம். ஆயின் அத்தொடரின் யாப்பை நோக்குக. அது குறியது, எனினும் இரண்டு பாதி உடையது. இரண்டாம் பாதியில் மாற்றான் அமர்ந்திருக்கிறான்.

2021 அக்டோபரில் பெருமழை பெய்து அணையின் நீர்மட்டம் ஏறியபோது, அவ்வணையைச் செயலிழக்கச் செய்க என்னும் பொருளுடைய ஆங்கில ஹேஷ்டேக் பரவியது. மலையாளத் திரையுலகின் முன்னணி நடிகர் பிருத்விராஜும் அக்கருத்தைப் பதிவிட்டார். தேனியில் அவர் உருவபொம்மை எரிக்கப்பட்டது. 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின்னும் அம்முழக்கம் மீண்டும் எழுந்தது.

ஹேஷ்டேக் என்பது இடைவெளி விடாமல் எழுதும் சொற்கோவை. இடைவெளி இல்லாததில் ‘ஆயின்’ என்பதற்கு இடம் ஏது? ‘எனின்’ என்பதற்கு இடம் ஏது? பாதுகாப்பு, தண்ணீர் என்ற இரு பாதிகளுள் இரண்டாவது அங்கே உதிர்ந்துவிட்டது. தமிழில் எழுந்த எதிர்முழக்கங்களிலும் உதிர்வு இதுவே. 1979க்குப் பின் அணை வலுப்படுத்தப்பட்டதைச் சொன்னோர், ஆற்றங்கரையில் மழை இரவில் விழித்திருக்கும் தாயின் அச்சத்துக்கு ஒரு வரியும் தந்திலர். எதிரியின் சொல்லுக்கு இடமில்லாத வாதம் எதிரிக்கு ஓர் உருவபொம்மை செய்துகொள்கிறது. உருவபொம்மைக்கு வாய் இல்லை. அதனை எரிப்பது எளிது. ஆயின் அதனோடு எவ்வழக்கும் தீர்வதில்லை.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது ஒன்று. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அம்மேற்பார்வைக் குழுவில் இரு மாநிலங்களிலிருந்தும் ஒவ்வொரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்க்குமாறு ஆணையிட்டது. ஆரவாரம் இல்லாத செய்தி, எத்திரையிலும் முழக்கமாகவில்லை. ஆயின் இரு பக்கமும் ஒரே மேசையில் அமரும் வடிவம் அதுவே.

ஒரு மறுப்பும் விடையும்

இங்கே நம்மை மறுப்போரின் கூற்றையும் வைப்பது முறை. பரபக்கம் எழுதியோர் கற்றோர். மடங்களும் அரசவைகளும் அவர்க்குத் துணை. வாத மண்டபத்தில் பெண்டிர்க்கு இடம் இருந்ததா? ஒடுக்கப்பட்டோர்க்கு இருந்ததா? மணிமேகலையும் நீலகேசியும் காப்பியத்தில் வாதிட்டனர். வாழ்வில் வாதிட்ட பெண்கள் எத்தனை பேர்? அச்சகமும் இதழும் இல்லாதவர்க்கு நாவைத் தந்தது இப்பதிவு அன்றோ என்று அவர் கேட்பர்.

இதற்கு நாம் உடன்படுகிறோம். 2015 திசம்பர்ச் சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் ஒற்றைவரிப் பதிவுகள் படகுகளை அழைத்து வந்தன. 2018இல் ‘மீ டூ’ என்னும் இரு சொற்களின் கீழ்த் தனித்தனியே வாய்மூடி இருந்த பெண்கள் ஒருங்கே பேசினர். அழைப்புக்கும் சாட்சிக்கும் அவ்வடிவம் ஏற்றது. எனக்கும் நேர்ந்தது என்று சொல்வதற்கு எதிர்த்தரப்பின் கூற்றை முன்வைக்க வேண்டியதில்லை. ஆயின் சாட்சி வேறு, வாதம் வேறு. சாட்சிக்கு அமைந்த கூண்டில் வாதத்தை ஏற்றியதே இன்றைய பிழை. அணையின் உறுதியும் ஆற்றின் பங்கீடும் சாட்சியால் மட்டும் தீர்வன அல்ல. வாதத்தால் தீர வேண்டியவை.

வேறு வடிவம் இயலாததும் அன்று. 2013இல் தொடங்கிய ‘சேஞ்ச் மை வியூ’ என்னும் ஆங்கிலக் களத்தில், ஒருவர் தம் கொள்கையையும் அதன் காரணங்களையும் எழுதி வைத்துப் பிறரை மறுக்கச் சொல்கிறார். தம் கருத்தை மாற்றியவர்க்கு அவரே ஒரு சிறப்புக்குறி அளிக்கிறார். உடன்படலுக்கு அங்கே பரிசு. அதுவும் காரணம் கூறிய உடன்படலுக்கு. எக்ஸ் ஊடகத்தில் 2021இல் சோதனையாகத் தொடங்கிய சமூகக் குறிப்பு என்னும் முறையும் கருதத்தக்கது. ஒரு பதிவின் கீழ் விளக்கக் குறிப்பு தோன்ற வேண்டுமாயின், வழக்கமாகத் தம்முள் மாறுபடுவோர் இருசாராரும் அதனைப் பயனுடையதென ஏற்க வேண்டும். ஒரு சாரார் எத்துணைப் பெருங்கூட்டமாயினும் தாமே அதனைத் தோற்றுவிக்க இயலாது. குறைகள் இவற்றிலும் உள. குறிப்பு வரும் முன்னரே பொய் ஊர் சுற்றிவிடுகிறது. ஆயினும் இவற்றை வகுத்தோர் அறிந்தோ அறியாமலோ நன்னூலாரின் பக்கத்தில் வந்து நிற்கின்றனர்.

நமக்குரிய பணி

நிறுவனங்களின் வடிவங்களை மாற்ற நம்மால் ஆகாது. ஆயின் ஒரு யாப்புக்குள் இருந்துகொண்டே புதிது செய்தவர் நம் புலவர். நாமும் பதிவிடும் முன் ஓர் ஒழுங்கை மேற்கொள்ளலாம். மாற்றான் கூற்றை, அவன் படித்தால் ஆம் இதுவே என் கருத்து என்று ஏற்குமாறு, ஒரு வரியில் முதலில் எழுதுவது; அதன் பின்னரே நம் வரியை எழுதுவது. 280 குறிகளுக்குள்ளும் இதற்கு இடமுண்டு. இவ்வாறு எழுதப் புகுந்தால் பல பதிவுகள் எழுதப்படாமலே போகும். அதுவும் ஊதியமே.

இப்பணியில் திருவனந்தபுரத் தமிழர்க்குத் தனிப்பொறுப்பு உண்டு. கரமனையிலும் கோட்டையகத்திலும் சாலைத் தெருவிலும் வாழும் நம்முள் பலர்க்கு ஒரே கைப்பேசியில் மலையாளக் குழுவும் உண்டு, தமிழ்க்குழுவும் உண்டு. மழைக்காலத்தில் ஒன்றில் அச்சம் வருகிறது. மற்றொன்றில் சினம் வருகிறது. அச்சம் கொண்டவர் சினத்தின் காரணத்தைப் படிப்பதில்லை. சினம் கொண்டவர் அச்சத்தின் காரணத்தைப் படிப்பதில்லை. இரண்டையும் அவற்றின் மொழியிலேயே படிக்க வல்லவர் நாம். இதனினும் உயர்ந்த பரபக்கப் பயிற்சி வேறு யார்க்கு வாய்த்தது? ஒரு குழுவில் வந்த முழக்கத்தை மறு குழுவுக்கு அவ்வாறே தள்ளிவிடுவது எளிது. அதன் உதிர்ந்த பாதியைத் தேடிச் சேர்த்து, இரு மொழியிலும் சொல்வது அரிது. அரியதைச் செய்தார் ஒருவர் இந்நகரில் முன்னர் வாழ்ந்தார். பேரூர்க்கடையில் அவர் தொடங்கிய வழக்கத்தை நாம் தொடர்வோமாயின், பொத்தான்கள் எவையாயினும் வாதம் பிழைக்கும்.